வால்வெள்ளிக்கு ஒரு மலிவுக் கமெரா

இந்தக் கதையைப் பிழையாகச் சொல்லிவிடுவேனோ என்று பாலாம்பிகைக்கு எப்போதும் பயம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வால்வெள்ளி பூமியிலிருந்து எத்தனை கோடி மைல் தள்ளிப் போனது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. கிழமையை மாற்றிச் சொல்லிவிட்டால் கணவர் கணேசலிங்கத்தார் குறுக்கே வந்து திருத்துவார். திருத்தத் தொடங்கினால் பூமி உண்டான காலம் மட்டும் பின்னால் போய்த் திருத்திக்கொண்டு வருவார். அதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும்.

ஆனாலும் ஒன்றை மட்டும் அவள் அடித்துச் சொல்லுவாள். தொண்ணூற்றேழாம் ஆண்டு வசந்தத்தில் லண்டன் முழுவதும் வானத்தைப் பார்த்துக்கொண்டு திரிந்தபோது, அவளுக்கு வானத்தைப் பற்றிக் கவலை இருக்கவில்லை. கூரையைப் பற்றித்தான் கவலை.

மனோர் பார்க்கில் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் வீடுகளில் அவர்களுடையதும் ஒன்று. பின்பக்கம் சமையலுக்குக் குசினி. குசினிக்கு மேலே தட்டையான கூரை. போன வருடம் ரி.வி. அன்ரெனாவைத் திருப்புவதற்கு அந்தக் கூரையில் ஏறிய கணேசலிங்கத்தார், ஏறின வழியால் இறங்கவில்லை. பக்கத்து வீட்டு ரோசாச் செடிகள் வழியாக இறங்கினார். கால் எலும்பில் வெடிப்பு. ஆறு கிழமை பிளாஸ்ரர். பெற்றோல் ஸ்ரேசன் வேலை தப்பியது முதலாளியின் நல்ல மனத்தால். அந்த ஆறு கிழமையும் அவரைப் படியால் ஏற்றி இறக்கியது பாலாம்பிகையின் தோள். இன்னொருமுறை உடைந்தால் ஆயுளுக்கும் ஊன்றுதடிதான் என்று டொக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

அப்படிப்பட்ட மனிதர் பெப்ரவரிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

“இஞ்சேரும், நான் ஒரு முடிவுக்கு வந்திட்டன்.”

அவர் முடிவுக்கு வந்தால் வீட்டில் ஏதாவது ஒன்று உடையும்.

“என்ன முடிவு?”

“வால்வெள்ளி வருது. அதைப் படம் எடுக்கப் போறன்.”

“எடுங்கோவன். ஆர் வேண்டாம் எண்டது?”

“கூரையிலை ஏறி.”

“ஆற்றை கூரையிலை?”

“எங்கடை குசினிக் கூரையிலைதான். பின்வளவிலை நிண்டால் அங்காலை வீட்டுப் புகைபோக்கி மறைக்குது. முன்பக்கம் ரோட்டு லைற். கூரைதான் தோதான இடம். அளந்து பாத்திட்டன்.”

ஊரிலே நில அளவைக் கந்தோரில் வரைபடம் கீறினவர். அளந்தேன் என்று சொல்லிவிட்டால் அதற்கு அப்பீல் இல்லை.

“ஐயோ கடவுளே! அதிலையிருந்துதானே போன வருசம் விழுந்தனீங்கள்?”

“போன வருசம் ஏறினது அன்ரெனாவுக்கு. இது ஆகாயத்துக்கு.”

“விழுறதுக்கு ரெண்டும் ஒரே தூரம்தானே?”

“விளங்காமல் கதையாதையும். இதை விட்டால் இந்த வெள்ளி திரும்பி வர ரெண்டாயிரத்து நானூறு வருசம் செல்லும்.”

“நீங்கள் விழுந்தால் திரும்பி எழும்ப எத்தினை வருசம் செல்லும்?”

கணேசலிங்கத்தார் கை கழுவப் போய்விட்டார். கை கழுவும் சத்தத்திலேயே அவர் முடிவு மாறவில்லை என்பது தெரிந்தது.

பாலாம்பிகை வேலை செய்தது செவன் கிங்ஸ் பக்கம், படம் கழுவுகிற ஒரு தொழிற்சாலையில். சனங்கள் உறையில் போட்டுத் தபாலில் அனுப்பும் பிலிம் சுருள்கள் அங்கே கழுவி அச்சாகும். அரை இருட்டான அறை. முன்னால் கீழிருந்து வெளிச்சம் அடிக்கும் கண்ணாடி மேசை. அதன்மேல் ஊரார் பிறந்தநாள்களும் கடற்கரைகளும் கலியாணங்களும் பகல் முழுவதும் ஆறு மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். பிலிமில் வெளிச்சம் கறுப்பாகவும் இருட்டு வெளிறியும் தெரியும். பார்த்துப் பார்த்துப் பழகி, கறுத்த பல்லோடு சிரிக்கும் மணப்பெண்ணைக்கூட அவள் மனத்துக்குள் வெளுப்பாக்கி, நல்லாயிரு பிள்ளை என்று அனுப்பிவிடுவாள். ஒன்றும் விழாத வெளிறிய கட்டங்களைக் கண்டுபிடித்து அச்சிடாமல் விலக்குவதுதான் அவளுடைய வேலை. வெறும் கறுப்புப் படத்தை அனுப்பினால் சனம் சண்டைக்கு வரும்.

அடுத்த நாள் அப்படி ஒரு வெளிறிய கட்டத்தை விலக்கப் போனவள் கையை நிறுத்தினாள். நடுவில் ஒரு சின்னக் கறுப்பு இழை. சீப்பில் ஒட்டிக்கிடக்கும் மயிர் மாதிரி. தூசி என்று ஊதிப் பார்த்தாள். போகவில்லை. அடுத்த கட்டத்திலும் அதே இழை, கொஞ்சம் சாய்ந்து. அதற்கடுத்ததிலும். ஒன்றுமில்லாத ஒரு பெரிய வெளியில், எங்கேயோ போகிற அவசரமும் இல்லாமல், அது தன்பாட்டில் மிதந்துகொண்டிருந்தது. பாலாம்பிகை கன்னத்தில் கைவைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி இருந்தாள். பின்னால் சுருள்கள் குவிந்தன.

“என்னக்கா, நித்திரையோ?” என்றாள் பக்கத்து மேசைப் பியற்றிஸ். மன்னார்ப் பிள்ளை, ஆங்கிலம் நன்றாக வாசிப்பாள்.

“இது என்ன பியற்றிஸ்?”

பியற்றிஸ் உறையை எடுத்துப் பார்த்தாள். யாரோ ஒரு கிழவனார் உறையின் பின்பக்கம் கடிதமே எழுதியிருந்தார். அவள் வாசித்துச் சொன்னாள். “தயவுசெய்து எல்லாத்தையும் அச்சடிக்கவும், இவை பழுதானவை இல்லை, வால்வெள்ளி எண்டு எழுதிக் கிடக்கு. பழைய ரஷ்யக் கமெராவாம். பற்றறியே இல்லையாம். இருபது செக்கன்ட் திறந்து வைச்சவராம். முதல் படம் வெளிச்சத்திலை ஒண்டு எடுத்திருக்கிறன், அதை வைச்சு அளவு பாத்துப் பிலிமை வெட்டுங்கோ எண்டும் எழுதியிருக்கிறார்.”

பாலாம்பிகைக்கு அழுகை வரப் பார்த்தது. கூரைக் கதையை முழுவதும் சொன்னாள்.

பியற்றிஸ் யோசித்தாள். “அக்கா, அண்ணையிட்டை இப்ப கமெரா இருக்கோ?”

“இல்லை. இனித்தான் வாங்கவேணும். மலிவாய் ஒண்டு தேடிறார்.”

“கமெரா இல்லாமல் ஆரும் படம் எடுக்கக் கூரையிலை ஏறுவினமே?”

“மாட்டினம்.”

“அப்ப அண்ணை வாங்காமல் இருக்கும்மட்டும் உங்களுக்கு ஒரு பயமும் இல்லை.”

“அவர் வாங்கிப்போடுவாரே.”

“அண்ணை கடைசியாய் ஒரு சோடி சப்பாத்து வாங்க எத்தினை நாள் எடுத்தவர்?”

பாலாம்பிகை விரல் மடித்துப் பார்த்தாள். “ஆறு மாசம்.”

“வால்வெள்ளி எத்தினை மாசம் நிக்கும்?”

பாலாம்பிகைக்கு அன்று முதன்முறையாகச் சோறு இறங்கியது.

அன்றிலிருந்து கணேசலிங்கத்தாரின் தேடல் தொடங்கியது. வேலை முடிந்து வந்ததும் மேசையில் கட்டம் போட்ட தாளை விரிப்பார். மேலே மூன்று கமெராக்களின் பெயர். பக்கவாட்டில் பன்னிரண்டு குணங்கள். கலியாணப் பொருத்தத்துக்கே பத்துத்தான் பார்ப்பார்கள், வால்வெள்ளிக்குப் பன்னிரண்டு. அவர் நினைத்த விலை நூறு பவுணுக்குள். நூலகத்தில் சஞ்சிகை வாசித்து, பழைய கமெராக் கடைகளில் ஏறி இறங்கி, கட்டங்களைப் பென்சிலால் நிரப்புவார்.

“இஞ்சை பாரும். இந்தச் சின்ன ஓட்டோமற்றிக் சரிவராது. இருட்டைக் கண்டவுடனை தானாய் லைற் அடிக்கும்.”

“வெள்ளிக்கு நாங்கள் லைற் அடிச்சால் அதுக்குத் தெரியவே போகுது?”

“அதைத்தான் சொல்லுறன். ஷட்டர் நாங்கள் சொல்லும்மட்டும் திறந்து நிக்கவேணும். அப்பதான் வெளிச்சம் சேரும். அதாலை இந்தப் புது எலெக்ரோனிக் கமெராதான். நாளைக்கு வாங்கிறன்.”

நாளைக்கு என்ற சொல்லைக் கேட்டதும் பாலாம்பிகையின் கண்ணில் கூரை தெரிந்தது.

“இஞ்சருங்கோ… ஷட்டர் திறந்து நிக்கும்மட்டும் அது பற்றறியைக் குடிக்காதோ? குளிருக்கை பற்றறி செத்துப் போச்செண்டால்?”

பென்சில் அந்தரத்தில் நின்றது. “உமக்கு உது ஆர் சொன்னது?”

“எனக்கென்ன தெரியும்? பயத்திலை கேக்கிறன்.”

அவர் தாளைப் பார்த்தார். பற்றறி என்ற கட்டம் அதில் இல்லை. பதின்மூன்றாவது குணமாக அதைச் சேர்த்தார். ஒரு கிழமை போனது.

“சரி, முடிவு. கைமாறின பழைய ஜப்பான் கமெரா. பற்றறி இல்லாமலே வேலை செய்யும். லென்ஸ் திறம். சனிக்கிழமை வாங்கிறன்.”

“நல்லது. பழசெண்டால் லென்சுக்குள்ளை பூஞ்சணம் பிடிச்சிருக்காதோ?”

“பூஞ்சணமோ?”

“எனக்கென்ன தெரியும்? பாணிலை பிடிக்குதே எண்டு பயத்திலை கேக்கிறன்.”

பாணில் மட்டுமல்ல, பழைய லென்சிலும் பிடிக்கும் என்பதை அவள் மேசையில் ஓடும் மங்கல் படங்களில் எத்தனையோ தரம் கண்டிருக்கிறாள். சனிக்கிழமை கணேசலிங்கத்தார் கமெராவுக்குப் பதிலாக ஒரு பூதக்கண்ணாடி வாங்கிக்கொண்டு வந்தார். கடை கடையாக லென்சுக்குள் பூஞ்சணம் தேடினார். எந்தக் கமெராவுக்கும் பொதுவாகத் தேவைப்படும் என்று வேகமான பிலிம் நாலு சுருளும், ஷட்டரைக் கை படாமல் அமத்துகிற மெல்லிய வயர் ஒன்றும் வாங்கினார். கமெராவைத் தவிர எல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டது.

ஒருநாள் மனம் பொறுக்காமல் அவள் வாயைத் திறந்தாள். “பழைய ரஷ்யன் கமெரா ஒண்டு இருக்காமே, மலிவாய்…”

“நீர் சும்மா இரும். உது என்ரை தாளிலையே இல்லை.”

அவள் சும்மா இருந்தாள். தாளில் குணங்கள் பத்தொன்பதாயின.

சித்திரை வருடப்பிறப்புக்கு ஆறு நாள் இருக்கும். பிந்திய ஷிப்ட் முடிந்து பஸ்ஸால் இறங்கி வந்துகொண்டிருந்தாள். பொழுது பட்டு, மேற்கில் கொஞ்ச வெளிச்சம் கழுவக் கழுவப் போகாத கறை போல ஒட்டியிருந்தது. வீட்டுப் படலையடியில் கதவுத் திறப்பைத் தேடிக் கைப்பையைத் துழாவியபடி நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அவர்களுடைய கூரைக்கு மேலே அது நின்றது. ஆறு கிழமையாக அவள் மேசையில் சுருளுக்குச் சுருள் கறுப்பாய்ப் பார்த்த இழை, இப்போது வெள்ளையாய். கோலத்துக்கு வைத்த புள்ளியை யாரோ சேலைத் தலைப்பால் மெல்ல இழுத்துவிட்டதுபோல, வால் மேல்நோக்கிக் கலைந்திருந்தது. ரோட்டு லைற்றுகள் அத்தனையும் எரிந்தும் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒரு பஸ் சத்தம் போட்டுக்கொண்டு போனது. அது அசையவில்லை. பாலாம்பிகைக்குக் கால் நோ மறந்துவிட்டது. கையில் இருந்த பையின் பாரம் மறந்துவிட்டது. தான் எந்த ஊரில், எந்தத் தெருவில் நிற்கிறாள் என்பதுகூடக் கொஞ்ச நேரம் மறந்திருந்தது.

பிறகு கண்ணைத் தாழ்த்தினாள். வால்வெள்ளிக்கு நேர் கீழே முன்னறை ஜன்னல். உள்ளே லாம்பு வெளிச்சத்தில் கணேசலிங்கத்தார் தாளுக்கு மேல் குனிந்திருந்தார். பூதக்கண்ணாடியும் கையுமாக.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்புக்குப் பின்னால் வேறொன்றும் வந்தது. ஜன்னலில் தட்டினாள்.

“இஞ்சருங்கோ! வெளியிலை வாங்கோ!”

அவர் பென்சிலோடும் செருப்போடும் ஓடிவந்து அவள் பக்கத்தில் நின்று அண்ணாந்தார். எத்தனை கோடி மைல் என்று சொல்லவில்லை. எதையும் திருத்தவுமில்லை. அப்படி அவர் பேசாமல் நின்றதை இருபத்திரண்டு வருடத்தில் அவள் கண்டதில்லை.

பிறகு மெதுவாகச் சொன்னார். “எண்பத்தாறிலையும் ஒண்டு வந்தது.”

“மெய்யே? நான் காணேல்லையே.”

“நானும் காணேல்லை. ஊரடங்கெல்லே? அது நல்லாய்த் தெரிஞ்ச நாலு நாளும் கந்தோருக்குள்ளை, பூட்டின யன்னலுக்குப் பின்னாலை இருந்தனான். பிறகு அது போட்டுது.”

“எனக்கு ஒருநாளும் நீங்கள் சொல்லேல்லை.”

“காணாத சாமானைப் பற்றி என்னத்தைச் சொல்லுறது?”

அவருடைய கை அவள் தோளில் இருந்தது. பிளாஸ்ரர் போட்ட காலத்தில் பிடித்த அதே இடம்.

“பிறை வளருது,” என்றார். “இந்தக் கிழமை முடிய நிலவு வந்து எல்லாத்தையும் கழுவிப்போடும். வியாழக்கிழமை டவுணிலை கடை பிந்தித்தான் பூட்டுவினம். வேலையாலை நேரை போய் வாங்கிறன். சனிக்கிழமை ஏறுறன். இனி நீர் ஒண்டும் கேக்கப்படாது.”

அடுத்த நாள் காலையில் ஏணி பின்வளவுக் கொட்டிலை விட்டு வெளியே வந்து, தூசி தட்டி, குசினிச் சுவரில் சாத்தி நின்றது.

பாலாம்பிகைக்கு இரண்டு பக்கமும் இடி. அவருக்கு அந்தப் படம் வேண்டும். அது இப்போது அவளுக்கும் விளங்கிவிட்டது. அவர் கூரையில் ஏறக்கூடாது. அது முன்னமே விளங்கியிருந்தது. சரி, விழத்தான் போகிறார், விழுகிற இடத்தில் மெத்தையாவது போடுவோம் என்று மகளின் அறைக்குப் பழைய மெத்தை தேடிப் போனாள்.

மகள் மஞ்செஸ்ரரில் படிக்கப் போனபின் அந்த அறை சூட்கேசுகளின் அறையாகிவிட்டது. ஊருக்குப் போகும்போது சாமான் கொண்டுபோக என்று மலிவுவிற்பனை தோறும் ஒன்று ஒன்றாக வாங்கி, போகாமல், தரையிலிருந்து முகடு மட்டும் அடுக்கியிருந்தது. மெத்தை எல்லாவற்றுக்கும் பின்னால். ஒன்பது சூட்கேசை இழுத்தாள். மெத்தை வந்தது. மெத்தைக்குப் பின்னால் திரைச்சீலை வந்தது. திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு ஜன்னல் வந்தது.

பாலாம்பிகை எட்டிப் பார்த்தாள். கீழே குசினிக் கூரை. எதிரே அங்காலை வீட்டுப் புகைபோக்கி, இடதுபக்கம் ஒதுங்கி. அதற்கு மேலே வடமேற்கு வானம் முழுவதும் திறந்து கிடந்தது.

அவர் அளந்ததெல்லாம் வெளியில் நின்றுதான். வீட்டுக்குள் அளக்கவில்லை.

சொல்லிவிடுவோமா என்று படி இறங்கியவள் பாதியில் நின்றாள். ஜன்னல் என்று சொன்னால் அவர் ஜன்னலுக்கும் பத்தொன்பது குணம் பார்ப்பார். அதற்குள் நிலவு வந்துவிடும்.

அடுத்த நாள் வியாழன். வேலை முடிந்ததும் பியற்றிஸின் வீட்டுக்குப் போனாள். பியற்றிஸின் கணவர் யேசுரட்ணம் சாமான் ஏற்றும் வான் ஓட்டுகிறவர். ஞாயிற்றுச் சந்தைகளில் கண்டதையெல்லாம் வாங்குகிறவர். அவர் வீட்டு அறைக்கதவு காற்றில் அடிபடாமல் இருக்க ஒரு ரஷ்யக் கமெராவைத்தான் முட்டுக்கொடுத்து வைத்திருந்தார். செங்கல்லுப்போல் பாரம்.

“கொண்டுபோங்கோ அக்கா. பத்துப் பவுணும் ஒரு சட்டி நண்டுக்கறியும்,” என்றார் யேசுரட்ணம். “வேலை செய்யாட்டில் திருப்பிக் கொண்டுவாங்கோ. கதவுக்கு வேணும்.”

அன்று பொழுது படும்போது கணேசலிங்கத்தார் டவுணில். பாலாம்பிகை மகளின் அறையில். ஸ்திரிக்கை போடுகிற பலகையை ஜன்னலோடு விரித்தாள். அதன்மேல் பாதி அரிசி இருந்த பையை வைத்துக் குழித்து, கமெராவைப் பிள்ளையைக் கிடத்துவதுபோல் கிடத்தினாள். கணவரின் பிலிமைப் போட்டாள். கணவரின் வயரை முறுக்கினாள். வட்டத்தை எங்கே திருப்புவது, லென்சை எவ்வளவு திறப்பது, தூரத்தை எந்தக் குறிக்குக் கொண்டுபோவது எல்லாம் ஆறு கிழமையாகச் சோற்றோடு சேர்த்துக் கேட்டது. மறக்க நினைத்தாலும் மறக்காது. முதல் படம் லைற்றைப் போட்டுச் சூட்கேசுகளை எடுத்தாள், வெட்டுகிறவர்கள் அளவு தெரிந்து வெட்ட. பிறகு லைற்றை அணைத்துவிட்டு ஜன்னலை உயர்த்தினாள்.

குளிர் உள்ளே வந்தது. அதோடு வால்வெள்ளியும் வந்ததுபோல் இருந்தது. வயரை அமத்தி, மனத்துக்குள் இருபது எண்ணினாள். மூச்சு விட்டால் அரிசிப் பை அசையும் என்று மூச்சையும் பிடித்துக்கொண்டாள். எங்கோ ஒரு வீட்டில் கோப்பை கழுவும் சத்தம். ஒரு ரயில் போய் ஓய்ந்தது. பத்து. பதினொன்று. எவ்வளவு தூரத்திலிருந்தோ எவ்வளவு காலத்துக்கு முன்னரோ புறப்பட்ட வெளிச்சம், மனோர் பார்க்கில் ஒரு பின்னறை ஜன்னலைத் தேடிப்பிடித்து, ஒரு சொட்டு ஒரு சொட்டாக அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் ஊறுவதை அவள் உணர்ந்தாள். பத்தொன்பது. இருபது. அதை மூட அவளுக்கு மனம் வரவில்லை. இன்னும் ஐந்து எண்ணினாள்.

கணேசலிங்கத்தார் வரும்போது எல்லாம் பழையபடி இருந்தது. கையில் நீளமான பெட்டி ஒன்று.

“வாங்கியிட்டியளோ?”

“முக்காலி வாங்கியிட்டன். நல்ல உறுதி.”

“கால் மூண்டும் வந்திட்டுது. தலை?”

“ரெண்டு கமெரா சரிசமனாய் நிண்டிட்டுது. நாளைக்கு ஒருக்கால் யோசிச்சு…”

வெள்ளிக்கிழமை பாலாம்பிகை வேலைக்குக் கொண்டுபோய்க் கழுவக் கொடுத்த சுருள் அவள் மேசைக்கே வந்து சேர்ந்தது. சனி காலை ஷிப்டில் அச்சாகி வந்த படத்தைப் பார்த்து அவளும் பியற்றிஸும் சத்தம் போடாமல் கையைப் பிடித்துக்கொண்டார்கள். புகைபோக்கிகளுக்கு மேலே, லண்டனின் செம்மஞ்சள் இருட்டுக்குள், அது அவள் படலையடியில் கண்டது மாதிரியே இருந்தது.

மத்தியானம் பஸ்ஸில் வரும்போதுதான் அவளுக்குப் பயம் திரும்ப வந்தது. படத்தைக் காட்டினால், இதைவிடத் திறமாய் எடுக்கிறேன் என்று கூரையில் ஏறுவார். காட்டாவிட்டால், ஒன்றுமே எடுக்கவில்லை என்று கூரையில் ஏறுவார். இந்தப் பக்கம் போனாலும் கூரை, அந்தப் பக்கம் போனாலும் கூரை. இறங்கியதும் ரெலிபோன் பெட்டிக்குள் போய் யேசுரட்ணத்தை வானோடு வரச் சொன்னாள்.

பின்னேரம் கணேசலிங்கத்தார் வேலையால் வந்து தேத்தண்ணியைக் கையில் எடுக்க, படத்தைப் பக்கத்தில் வைத்தாள்.

“இதென்ன?”

“வால்வெள்ளி.”

“அது தெரியுது. ஆர் எடுத்தது?”

“நான்தான்.”

“எதாலை?”

“யேசுரட்ணம் வீட்டுக் கதவுக்கு முட்டுக்குடுத்த சாமானாலை.”

“எங்கை நிண்டு?”

“பிள்ளையின்ரை அறை யன்னலாலை.”

“அந்த அறையிலை யன்னல் இல்லை.”

“சூட்கேசுக்குப் பின்னாலை இருக்கு.”

அவர் மேலே போனார். சூட்கேசுகள் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. திரும்பி வந்து படத்தை லாம்புக்குக் கீழே பிடித்தார். வாலின் நுனியை ஒரு விரலால் தொட்டும் தொடாமலும் தடவினார். அவர் முகத்தைப் பார்த்துப் பாலாம்பிகைக்குக் கண் கலங்கியது. இனி ஏறமாட்டார், மனம் ஆறிவிட்டது என்றே நினைத்தாள்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றார். “சோக்கான படம்.”

“மெய்யாவோ?”

“ஓம். ஆனால்…” பூதக்கண்ணாடியை எடுத்தார். “இடதுபக்கம் புகைபோக்கி கொஞ்சம் வெட்டுது. கூரையிலை நிண்டு எடுத்திருந்தால் அது வராது.”

“இஞ்சருங்கோ…”

“இண்டைக்குத்தான் கடைசி நாள். அந்தக் கமெராவைத் தாரும். நான் ஏறுறன்.”

முக்காலியைத் தோளில் வைத்துக்கொண்டு பின்கதவால் போனார். பாலாம்பிகை அவருடைய கோப்பையைக் கழுவினாள். முதலில் குசினிச் சுவரடியில் காலடிச் சத்தம். பிறகு கொட்டில் கதவு திறக்கிற சத்தம். பிறகு மண்வெட்டி விழுகிற சத்தம். திரும்பி வந்தார்.

“ஏணி எங்கை?”

“கோயிலிலை.”

“கோயிலுக்கு என்னத்துக்கு ஏணி?”

“வருசப்பிறப்புக்குத் தோரணம் கட்ட உயரம் காணாமல் நிண்டவை. யேசுரட்ணத்தின்ரை வானிலை ஏத்திக்கொண்டுபோய்க் குடுத்திட்டன்.”

“இரவலாய்த்தானே?”

“சுவாமிக்கு ஆரும் இரவல் குடுப்பினமே?”

“விசர்க் கதை கதையாதையும். நான் போய்ச் சொல்லி எடுத்துக்கொண்டு வாறன்.”

“எடுங்கோவன்,” என்றாள் பாலாம்பிகை. “ஆனால் அதிலை மேலையிருந்து கீழை மட்டும் சிவப்புப் பெயின்ராலை எழுதிப்போட்டினம். ‘உபயம்: கணேசலிங்கம் குடும்பம், மனோர் பார்க்.’ அதைத் தோளிலை காவிக்கொண்டு சேர்ச் றோட்டாலை வரவேணும். சனம் பாக்கும்.”

கணேசலிங்கத்தார் மெல்லக் கதிரையில் இருந்தார். அந்தக் கதிரை தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம். அதற்கு மேல் அவர் அந்த வருடம் ஏறவில்லை.